அரவணைப்புப் பயிற்சி: முதல் நிலை

துடியலூரைத் தாண்டி, டவுன் பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளியில் பொற்கொடி மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த வருஷம் ஜூனில் ஹுமேரா அவள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். ஹுமேராவுக்கு ஆட்டிசம் இருந்தது. அவளுடைய அப்பா சிக்கந்தர் கோட்டைமேட்டில் பள்ளிக்கூடப் பை தைத்து விற்பவர். சந்தின் ஓயாத சத்தம் மகளுக்கு ஆகவில்லை என்று, கடையை அங்கேயே விட்டுவிட்டுக் குடும்பத்தை மட்டும் ஊருக்கு வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார். தினமும் இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போய் வந்தார்.

ஹுமேரா யார் வம்புக்கும் போக மாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னதை எழுதுவாள். சொல்லாததையும் சில நேரம் எழுதுவாள். பேச்சு அபூர்வம். ஒரே ஒரு தொல்லை, பெல். அந்தப் பள்ளியில் பெல் என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை இரும்புக் கம்பியால் அடித்தால் பக்கத்துத் தோட்டத்து மாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஹுமேரா மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அலறுவாள். சில நாள் ரத்தம் வரும். சில நாள் எழுந்து கேட்டை நோக்கி ஓடுவாள். கேட்டுக்கு வெளியே லாரி போகிற ரோடு.

பொற்கொடிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். ஹுமேரா பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். இறுக்கிக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இரண்டு பேருக்கும் காயமானது. கடைசியில், பெல்லையே நிறுத்திவிட்டால் என்ன என்று தலைமையாசிரியர் கதிரேசனிடம் கேட்டாள். கதிரேசன் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர்.

"பெல் இல்லாம பள்ளிக்கொடம் எப்படிங்க டீச்சர் ஓடும்? அப்பறம் இது பள்ளிக்கொடம்னு நமக்கே மறந்து போயிருமுங்க" என்றார்.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் புகார் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தங்கள் பிள்ளைகள் பயப்படுவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே போனால் ஹுமேராவை வீட்டுவழிக் கல்விக்கு மாற்றிவிட வேண்டியதுதான், வாரத்துக்கு ஒரு தடவை ஒரு டீச்சர் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்வார் என்று கதிரேசன் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஆணை வந்தது. ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு வகுப்பறையில் துணைநிற்பது எப்படி என்று அரவணைப்பு இயக்ககம் நடத்தும் ஐந்து நாள் பயிற்சி. போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், அவர்கள் சொல்கிறபடி செய்துவிடலாம் என்றார் கதிரேசன். பொற்கொடிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவளிடம் இருந்தது ஒரே கேள்வி. பதில் தெரிந்தவர்களெல்லாம் ஒரே கூரையின் கீழே ஐந்து நாள் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.

பயிற்சி, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்து மணமக்களின் பெயர்கள் பூவில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன; அதற்குக் கீழே அரவணைப்பு பேனரைக் கட்டியிருந்தார்கள். வருகைப்பதிவு செல்போன் செயலியில். செயலியின் கண்ணைப் பார்க்க வேண்டும், இமைக்க வேண்டும், சிரிக்க வேண்டும். பொற்கொடியின் முகத்தைச் செயலி ஏற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இயல்பாகச் சிரியுங்கள் என்று அங்கே நின்ற பொறுப்பாளர் சொன்னார். அவள் சிரித்தாள். பார்வை விலகுகிறது என்றது செயலி. மறுபடி பார்த்தாள், மறுபடி சிரித்தாள். ஏற்கப்படாத முகங்கள் எல்லாம் போர்ட்டிகோவில் வரிசையாக நின்று, தத்தம் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. இந்தக் குழந்தைகளைக் கண்ணைப் பார்க்கச் சொல்லியோ சிரிக்கச் சொல்லியோ வற்புறுத்தக் கூடாது என்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். அதைப் பொற்கொடி கேட்க முடியாமல் போயிற்று.

அவள் உள்ளே போனபோது அந்தப் பாடம் முடிந்து, தாமதமாக வந்த திட்ட ஒருங்கிணைப்பாளர் கருப்புசாமியைச் செண்டை மேளத்தோடு மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். மேளம் மண்டபத்துக்குள்ளேயே வந்து, விளக்கேற்றி முடிகிற வரை நின்று அடித்தது. மேளம் ஓய்ந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார். மைக் ஒரு கூவு கூவிவிட்டு அடங்கியது.

"சத்தம். சத்தந்தானுங்க இந்தக் குழந்தைங்களுக்கு மொத எதிரி" என்றார் அவர். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதுங்களா? ஏனுங்க மைக்செட்டு, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினார்கள். அவர் தன் கதையையே உதாரணமாகச் சொன்னார். "நான் இந்தப் பொறுப்புக்கு வாரதுக்கு முந்தி நெல அளவைல இருந்தனுங்க. அப்ப எனக்கு ஆட்டிசம்னா என்னன்னே தெரியாது. இன்னைக்கும் முழுசாத் தெரியும்னு நான் சொல்லலைங்க. ஆனா அதப் பத்தி ஒரு மண்டபம் நெறைய ஆளுங்க முன்னாடி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேச முடியுதுங்களே. இதுதானுங்க திட்டத்தோட வளர்ச்சி." சொன்னபடியே மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு முதன்மைக் கருத்தாளர் நந்திதா வந்தார். சென்னையிலிருந்து வந்தவர். குரல் இளநீர் மாதிரி இருந்தது. முதலில் எல்லோரையும் எழுப்பிக் கைதட்டலில் மழை பெய்ய வைத்தார். ஒரு விரலில் தூறல், இரண்டு விரலில் சாரல், தொடையில் தட்டி அடைமழை, காலால் உதைத்து இடி. மழை ஓய்ந்ததும் ஆசிரியர்களை ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, கனகாம்பரம் என்று அணி பிரித்தார். பொற்கொடி கனகாம்பரத்தில் விழுந்தாள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பெரிய தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, இந்தக் குழந்தைகளின் மனசை வரையச் சொன்னார். கனகாம்பரத்துக்காரர்கள் ஒரு பட்டாம்பூச்சி வரைந்தார்கள். மல்லிகையும் பட்டாம்பூச்சிதான் வரைந்திருந்தது. அதிலிருந்து இந்தக் குழந்தைகள் பட்டாம்பூச்சி போன்றவர்கள் என்ற முடிவுக்கு மண்டபம் வந்தது.

பொற்கொடி கையைத் தூக்கினாள். நல்ல கேள்வி என்றார் நந்திதா. பொற்கொடி இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே நல்ல கேள்விதான் என்று விளக்கிவிட்டு, இலை வடிவில் வெட்டிய ஒரு பச்சைத் தாளைத் தந்து, அதில் எழுதி 'ஐயங்களின் மரம்' என்ற படத்தில் ஒட்டச் சொன்னார். 'பெல் அடித்தால் கையைக் கடிக்கும் குழந்தையை என்ன செய்வது?' என்று எழுதி ஒட்டினாள். சாயங்காலத்துக்குள் மரம் தளதளவென்று ஆகிவிட்டது. கருப்புசாமி வந்து மரத்தின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு மரத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு அலுவலக ஜீப்பில் வைத்தார்கள். பொற்கொடி அதற்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் உறுதிமொழி எடுத்தார்கள். 'இந்தக் குழந்தைகள் முன்னால் நான் குரலை உயர்த்த மாட்டேன்' என்பது உறுதிமொழி. போதுமான அளவு உரக்கச் சொல்லவில்லை என்று கருப்புசாமி திரும்பச் சொல்ல வைத்தார். மூன்றாவது தடவை மண்டபத்தின் தகரக் கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. அப்போதுதான் அவருக்குத் திருப்தி வந்தது.

அதற்கடுத்த நாள் அனுபவப் பயிற்சி. குழந்தைகள் உணர்வதைத் தாங்களும் உணர வேண்டும் என்பதற்காக ஆசிரியர்களின் கண்ணைக் கட்டி, தலையைச் சுற்றவிட்டு, காதருகே எவர்சில்வர் தட்டைத் தட்டினார்கள். சத்தியமங்கலத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் வாந்தி எடுத்துவிட்டார். ஆழ்ந்த புரிதலுக்கான பரிசு அவருக்குப் போயிற்று. அவர் அதை வாங்க மேடைக்கு வரும் நிலையில் இல்லை. அவர் அணியின் சார்பில் வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் பொற்கொடிக்கு எரிச்சல் வந்தது. மூன்றாம் நாள் அதுவும் வரவில்லை. எழு என்றால் எழுந்தாள், தட்டு என்றால் தட்டினாள். அன்று டீ இடைவேளையில் ஹுமேராவின் அம்மா சாஜிதா பேகம் போன் செய்தாள். டீச்சருக்குப் பயிற்சி முடிகிற வரைக்கும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். "அங்க ஏதாச்சும் சொன்னாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை, வரும் என்றாள் பொற்கொடி.

நான்காம் நாள் நந்திதா ஒரு செய்தி சொன்னார். நிறைவு நாளில் செயல்முறை விளக்கம் இருக்கிறது, அதற்கு ஒரு குழந்தை வேண்டும், யார் வகுப்பிலாவது அப்படி ஒரு குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். மண்டபத்தில் யாரும் அசையவில்லை. பொற்கொடி கையைத் தூக்கினாள். எழுதிக் கொடுத்துப் புரியாதது நேரில் பார்த்தால் புரியும் என்று நினைத்தாள். கண்ணால் பார்த்துவிட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். நந்திதா இறங்கி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சிக்கந்தர் போனில் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கடையச் சாத்திப்போட்டுக் கூட்டிட்டு வாரேனுங்க டீச்சர். பெரிய ஆளுங்க பாத்து ஒண்ணு சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

கடைசி நாள் காலையில் அவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஹுமேரா இஸ்திரி போட்ட யூனிபார்மில் வந்தாள். இரண்டு பேரையும் மேடையோரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதுவரை எல்லாம் சரியாக இருந்தது. ஹுமேரா நாற்காலியின் பிளாஸ்டிக் ஓட்டைகளில் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கருப்புசாமியின் ஜீப் வந்தது. மேளம் அடித்தது.

ஹுமேரா காதைப் பொத்தினாள். பிறகு மணிக்கட்டை வாயில் வைத்துக் கடித்தாள். அலறல் மேளத்தில் கேட்கவில்லை. வாய் மட்டும் தெரிந்தது. சிக்கந்தர் பிடிப்பதற்குள் அவள் மேடைக்கு ஓடி, வெள்ளைத் துணி போர்த்திய நீள மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். மேளம் நின்றபோது மேசைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது.

கருப்புசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. மேசையைக் காட்டி மைக்கில் பேசினார். "பாத்தீங்களா? காதப் பொத்துது, கையக் கடிக்குது, மேசைக்கு அடியில பூந்துக்குது. நம்ம பாடத்துல போட்ட அத்தனையும் வந்துபோச்சுங்க. ஒண்ணுகூடத் தப்பல. ஒரு பயிற்சிக்கு இதுக்கு மேல என்னங்க வெற்றி வேணும்?"

மண்டபம் கைதட்டியது. தட்டியபோது வெள்ளைத் துணி ஆடியது. சிக்கந்தர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தவழ்ந்து தானும் மேசைக்கு அடியில் போனார். விழா நிறுத்தப்படவில்லை. வாழ்த்துரை, ஏற்புரை, அறிக்கை எல்லாம் மேசைக்கு மேலே நடந்தன. முன்மாதிரிப் பெற்றோருக்குப் பொன்னாடை போர்த்தும் கட்டம் வந்ததும் நந்திதா துணியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார், கருப்புசாமி குனிந்து, சிக்கந்தரின் தோளில் எட்டினவரைக்கும் சால்வையைப் போட்டார். போட்டோக்காரர் தரையில் படுத்து எடுத்தார். கைதட்டல் சத்தம் வெகு பக்கத்தில் கேட்கிறதே என்று பொற்கொடி குனிந்து பார்த்தாள். அவள் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

பின்னூட்ட நேரத்தில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அவள் மைக்கைப் பிடித்தாள். மேசைத் துணியையே பார்த்துக்கொண்டு, "பெல் அடிச்சா இந்தப் புள்ள கையக் கடிச்சுக்குதுங்க. அப்ப நான் என்ன பண்ணோணுமுங்க?" என்றாள்.

நந்திதாவின் கண்கள் கலங்கிவிட்டன. "எவ்ளோ முக்கியமான கேள்வி. நீங்க இதக் கேக்கணும்னுதான் இந்த அஞ்சு நாளையும் நாங்க வடிவமைச்சோம் மேடம். இப்ப நீங்க தயாராயிட்டீங்க. பதில் ரெண்டாம் நிலைப் பயிற்சில வருது."

ஹுமேரா அழுது ஓய்ந்து தூங்கிய பிறகு சிக்கந்தர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பந்தி நடக்கும் பக்கம் வந்து நின்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அடுத்த பயிற்சியில் சொல்வார்களாம் என்றாள் பொற்கொடி. அவர் தலையை ஆட்டினார். கையில் இருந்த சால்வையை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "பாலியஸ்டருங்க. பைக்கு உள்துணி வெக்க ஆகும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

இதற்குள் பொற்கொடியின் பள்ளி முன்மாதிரிப் பள்ளியாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியை, கௌரவிக்கப்பட்ட பெற்றோர், விளக்கத்தில் பங்கேற்ற மாணவி மூவரும் ஒரே பள்ளியில் அமைந்தது மாவட்டத்திலேயே அங்கேதான். அதனால் அமைதி அறை ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். சத்துணவுப் பாத்திரங்கள் கிடந்த அறையைக் காலி செய்து, சுவரில் மெத்தை ஒட்டி, நீல விளக்குப் போட்டு, உட்கார்ந்தால் உள்வாங்கிக்கொள்ளும் பை நாற்காலி ஒன்றைப் போட்டார்கள். கதவை மூடினால் வெளியே லாரி போவதுகூடக் கேட்காது. ஹுமேராவை அங்கே உட்கார வைக்கலாமா என்று பொற்கொடி கேட்டாள். அதிகாரிகள் வந்து பார்க்கிற வரை மெத்தை அழுக்காகக் கூடாது என்று கதிரேசன் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பெல் வழக்கம்போல அடித்தது. ஒரு நாள் ஹுமேரா கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள். லாரிக்காரர் பிரேக் போட்டுவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே கதிரேசன் அவளை வீட்டுவழிக் கல்விக்கு மாற்றினார். வீட்டுக்கு வர வேண்டிய டீச்சர் வரவில்லை. அவர் பயிற்சியில் இருந்தார். வீட்டுவழிக் கல்வி மாணவர் வீட்டில் இருந்தால் வருகை என்று குறிக்க வேண்டும் என்பது விதி. ஹுமேரா எந்நேரமும் வீட்டில்தான் இருந்தாள். ஆகவே அந்த மாதம் மூன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவி என்ற பெயர் அவளுக்கே கிடைத்தது.

ஆடி முடிந்து ஆவணியில் கருப்புசாமி அமைதி அறையைப் பார்வையிட வந்தார். காலையிலிருந்து நான்கு பள்ளி பார்த்து, நான்கிலும் மேளம் கேட்டு, நான்கிலும் பேசிவிட்டு வந்திருந்தார். இங்கேயும் மேளம் இருந்தது. அறையைத் திறந்தார்கள். அவர் உள்ளே போய்ப் பை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை அது உள்வாங்கிக்கொண்டது. சுவரைத் தடவிப் பார்த்தார். நீல விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். கதவைக் கொஞ்சம் சாத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்பதாக, கதவில் காதை வைத்துப் பார்த்த கதிரேசன் சொன்னார்.

பெல் அடிக்கும் வேளை வந்தது. அடிக்கப் போன பிள்ளையிடமிருந்து கதிரேசன் இரும்புக் கம்பியைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வகுப்பாக நுனிக்காலில் போய், சத்தம் போடாமல் பாட மாற்றம் செய்யச் சொன்னார். பிள்ளைகள் சைகையிலேயே பேசிக்கொண்டார்கள், இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்க வரிசையாகப் போனார்கள், வரிசையாக வந்தார்கள். அந்த மத்தியானம் முழுக்கப் பள்ளி பெல் இல்லாமல் ஓடியது. சாயங்காலம் கருப்புசாமி எழுந்து வந்து முகம் கழுவினார். "மனசே லேசாயிருச்சுங்க. அந்தக் குழந்தைங்க குடுத்து வெச்சதுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

பொற்கொடி கதிரேசனிடம் போனாள். இன்றைக்கு பெல் இல்லாமலே நடந்ததே, நாளைக்கும் அப்படியே நடத்தினால் ஹுமேராவைக் கூட்டி வந்துவிடலாமே என்றாள். கதிரேசன் அவளை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"அது ஐயா தூங்குனாருங்க டீச்சர்" என்றார்.

அவள் வாதாடவில்லை. வாதாட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மேசைக்குத் திரும்பி வந்து நோட்டுத் திருத்தினாள். இரண்டாம் நிலைப் பயிற்சிக்கான ஆணை வந்திருந்தது. அதில் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை அவள் ஹுமேராவின் வீட்டுக்குப் போனாள். ஹுமேரா யூனிபார்ம் போட்டு, அப்பா தைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

"தெனமும் இப்படித்தானுங்க" என்றாள் சாஜிதா. "காலைல அவளே போட்டுக்கறா. பொழுது சாஞ்சாத்தான் கழட்டறா. சொன்னாக் கேக்கறதில்லீங்க டீச்சர்."

அழைத்துக்கொண்டு போகட்டுமா என்று பொற்கொடி கேட்டாள். சாஜிதா மகளின் செருப்பை எடுத்து வைத்தாள். பள்ளியில் யாரும் இல்லை. அமைதி அறை பூட்டியிருந்தது. மூன்றாம் வகுப்பின் சாவி பொற்கொடியிடமே இருந்தது, திறந்தாள். ஹுமேரா நேராகப் போய் ஜன்னலோரம் தன் இடத்தில் உட்கார்ந்து, பையை இறக்கி வைத்தாள். காலி பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்துப் பேசினாள்.

"அக்ஷிதா" என்றாள்.

பொற்கொடிக்குப் புரியவில்லை. ஹுமேரா காத்திருந்தாள். மறுபடியும் அதே பெயரை, அதே குரலில் சொன்னாள். அது பொற்கொடியின் குரல். காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் இழுக்கிற அதே இழுப்பு.

"உள்ளேன் டீச்சர்" என்றாள் பொற்கொடி.

"அஃபான்."

"உள்ளேன் டீச்சர்."

"அய்மன்."

"உள்ளேன் டீச்சர்."

வகுப்பு முழுவதும் வரிசை தப்பாமல் வந்தது. ஜூன் கடைசியில் மேட்டுப்பாளையத்துக்கு மாறிப்போன பிள்ளையை மட்டும் அவள் சொல்லவில்லை. பொற்கொடியே அந்தப் பெயரை இன்னும் சில நாள் மறந்துபோய்க் கூப்பிடுவதுண்டு. ஒவ்வொரு பெயருக்கும் பொற்கொடி பதில் சொன்னாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. கடைசிப் பெயர் வந்தது.

"ஹுமேரா" என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள்.

பொற்கொடி வாயைத் திறக்கவில்லை.

"உள்ளேன் டீச்சர்" என்றாள் ஹுமேரா. பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டாள்.